எங்க வீடு, சொந்த வீடு

1

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு நான் ஈப்போவுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆனது. வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. எனக்கே நாள்காட்டியைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. திருச்சியிலிருந்து என் அக்கா வாட்ஸ்அப்பில் வழக்கமான கேள்வியை அனுப்பியிருந்தாள்: "உங்க ஊர்ல கவர்ன்மென்ட் ஆபீஸெல்லாம் ரொம்ப ஒழுங்காமே?" ஒழுங்குதான். அந்த ஒழுங்கைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று காலை என் மகள் தர்ஷினி சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள். கோலாலம்பூரில் பொதுக் கொள்கை படிக்கிறாள், கடைசி வருஷம், விடுமுறைக்கு வந்திருந்தாள். வகுப்பில் ஒரு விளக்கம் தர வேண்டுமாம். உள்ளூர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைத் தீர்க்க அரசாங்கம் தன் கையில் இருக்கும் கருவிகளில் எதை எதோடு சேர்க்க வேண்டும் என்று வடிவமைத்துக் காட்ட வேண்டும். மூடப்பட்ட ரப்பர் தோட்டங்களிலிருந்து வெளியேறுகிற குடும்பங்களுக்கு வீடு. இதுதான் அவள் எடுத்த தலைப்பு.

"மா, நீங்க ஊர்ல இதத்தானே படிச்சீங்க? கொஞ்சம் செக் பண்ணிப் பாருங்க."

திரையின் நடுவே ஒரு வட்டம், அதற்குள் வீடு. சுற்றி நான்கு பெட்டிகள்: சட்டம், பணம், தகவல், சேவை. நான்கிலிருந்தும் நான்கு அம்புகள் வட்டத்தைப் பார்த்துப் போயின. நல்ல நிறம், நல்ல எழுத்து. கடைசிப் பக்கத்தில் 'தடைகள்' என்று போட்டு, கீழே முதல் வரி இப்படி இருந்தது: விண்ணப்பதாரர்கள் தவறான தகவல் தருகிறார்கள்.

தவறான தகவல் தந்ததாகக் கருதப்பட்ட ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அந்தத் தகவலை எழுதிய கையும் எனக்குத் தெரியும். என் கைதான்.

நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். இங்கே எழுதுவதை அவள் படிக்க மாட்டாள். அவளைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்தது நானும் என் கணவரும்தான். தமிழ் பேசுவாள், காதால் கேட்டால் எல்லாம் புரியும், எழுத்து தெரியாது. அந்தத் துணிச்சலில்தான் எழுதுகிறேன்.

2

நான் திருச்சியில் பொது நிர்வாகம் முதுகலை படித்தேன். கொள்கைக் கருவிகள் என்பது அப்போது இருபது மதிப்பெண் கேள்வி. அரசாங்கம் ஒன்றைச் செய்ய நினைத்தால் கட்டளை போடலாம், காசு கொடுக்கலாம், எடுத்துச் சொல்லலாம், தானே இறங்கிச் செய்யலாம். ஒன்று மட்டும் போதாது, சேர்த்துப் பயன்படுத்த வேண்டும் என்று எழுதி முடித்தால் பதினாறு மதிப்பெண்ணாவது கிடைக்கும். பதினாறு வாங்கிக்கொண்டு கல்யாணம் செய்து விமானம் ஏறினேன்.

இங்கே வந்ததும் அந்த நான்கு பெட்டிகளையும் என் உடம்பிலேயே பார்த்தேன். உள்ளூர்க்காரரைக் கட்டிக்கொண்டு வந்தவள் வேலைக்குப் போகலாம் என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். என் விசா பாஸில் குத்தியிருந்த முத்திரையைப் பார்த்த முதலாளிகள் கூடாது என்று படித்தார்கள். அனுமதி கேட்கப் போனால் முதலில் வேலை தருகிறவரின் கடிதம் வேண்டும், வேலை தருகிறவருக்கோ முதலில் அனுமதி வேண்டும். மூன்று வருஷம் நடந்துவிட்டு விட்டுவிட்டேன். பிறகு நிரந்தரமாகத் தங்குகிறவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை வந்தது, அதற்குள் எனக்கு வேலை கேட்கிற ஆசையே போய்விட்டது.

அது போகட்டும். மொழி வேறு என்னை அலைக்கழித்தது. தமிழ்தானே பேசப் போகிறோம் என்று நம்பி வந்தவள் நான். வந்த முதல் மாதம் பக்கத்து வீட்டு அக்கா, "அவருக்கு சமன் வந்துருச்சு" என்று சோகமாகச் சொன்னார். மளிகைச் சாமான் வந்ததற்கு இந்த அம்மா ஏன் அழுகிறார் என்று நான் விழித்தேன். போக்குவரத்து அபராதச் சீட்டாம். மலாய்ச் சொல். இப்படிப் பத்து இருபது முறை முட்டிக்கொண்ட பிறகு எனக்கு இங்கத்தித் தமிழ் வந்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். என் தப்பு அங்கேதான் தொடங்கியது.

சும்மா வீட்டில் இருப்பானேன் என்று சனிக்கிழமைகளில் பத்து காஜா என்கிற பக்கத்து ஊரில் மாதா கோயில் மண்டபத்துக்குப் போக ஆரம்பித்தேன். அரசாங்கப் படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் வருவார்கள். அவர்கள் தமிழில் சொல்வதை நான் இங்கே வந்து கற்ற மலாயில் எழுதுவேன். எம்.ஏ. படித்த கை, எழுத்து முத்து முத்தாக இருக்கும். எல்லோரும் அதைப் பாராட்டுவார்கள்.

3

ரோசம்மா அக்கா அப்படித்தான் வந்தார். இரண்டு வருஷம் இருக்கும். அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயது. பத்து காஜாவுக்கு வெளியே ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களுக்காகக் கட்டிய வரிசை வீட்டில் பிறந்தவர். அதே வரிசையில் கல்யாணம், அதே வரிசையில் கணவரின் சாவு. ரப்பரை அழித்துச் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனை போட்டபோது அவருடைய வேலை போனது. கணவர் தோட்டக் காவலாளியாக இருந்ததால் வீடு மட்டும் நின்றது. ரோசம்மா அக்கா டவுனில் ஒரு கிளினிக்கில் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போனார். பிள்ளைகள் இல்லை. அவர் என்னிடம் வந்த சமயத்தில் அந்தத் தோட்டத்தையே வீட்டுமனை போடுகிற ஒரு கம்பெனி வாங்கிவிட்டது.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. அதைச் சொல்லாவிட்டால் அநியாயம். தோட்டத்து மக்களுக்கு மலிவு வீட்டுத் திட்டத்தில் முன்னுரிமை என்றார்கள். காலி செய்கிறவர்களுக்குக் கம்பெனி ஒரு தொகை தர வேண்டும் என்றார்கள். மூன்று மொழியில் துண்டறிக்கை அடித்து, கூட்டம் போட்டு, நாற்காலி போட்டு, சாப்பிட மீகூன் சேமியா கூடக் கொடுத்தார்கள். துண்டறிக்கையின் தமிழில் 'உடைமை இல்லம் அற்றோர் மட்டும்' என்று இருந்தது.

"யாருலா இந்த அற்றோரு? செத்தவங்களா?" என்று ரோசம்மா அக்கா கேட்டார். நான் சிரித்துவிட்டு, இல்லாதவர்கள் என்றேன். என்ன இல்லாதவர்கள் என்று விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். பின்னால் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள்.

படிவத்தில் முன்பு செய்த வேலை என்ன என்று ஒரு கேள்வி.

"முப்பது வருஷம் மரம் வெட்டுனேன்."

மரம் வெட்டுவது என்று மலாயில் எழுதினேன். காட்டில் கோடரியால் சாய்க்கிறார்களே, அந்தச் சொல். பக்கத்தில் நின்ற ஒரு அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ டீச்சர், இவங்கள மர லாரிக்காரனாக்கிட்டீங்களே. மரம் வெட்டுறதுன்னா பால் வெட்டுறதுலா. கித்தா மரம்."

ரப்பர் மரத்தில் பட்டையைச் சீவிப் பால் எடுப்பதற்குத்தான் இங்கே மரம் வெட்டுவது என்று பெயர். மண்டபமே சிரித்தது, ரோசம்மா அக்கா எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். நான் அடித்துத் திருத்தினேன். ஒரு தப்பைப் பிடித்துவிட்டதால் இனி தப்பு வராது என்ற நிம்மதியோடு அடுத்த கேள்விக்குப் போனேன்.

வீட்டின் நிலை. நான்கு கட்டங்கள்: சொந்தம், வாடகை, முதலாளி கொடுத்தது, அண்டி இருப்பது.

"அக்கா, இப்ப இருக்கிற வீடு யாரு வீடு?"

"எங்க வீடுதான். நா பொறந்ததே அங்கதான். பின்னால குசினி நாங்க கட்டுனது. சிமெண்டு, தகரம் எல்லாம் எங்க காசு."

திருச்சியில் வாடகை வீட்டில் இருப்பவர் வாடகை வீடு என்பார். எங்க வீடு என்றால் சொந்த வீடு, அதில் இரண்டாம் பேச்சே இல்லை. கூடவே குசினிக்கு, அதாவது சமையலறைக்கு, சிமெண்டுக் கணக்கும் சொல்கிறார். நான் 'சொந்தம்' கட்டத்தில் அழகாக ஒரு டிக் போட்டேன்.

தோட்டத்தில் யாரும் வாடகை கொடுத்ததில்லை, யாரும் பத்திரம் பார்த்ததில்லை. மூன்று தலைமுறையாக இருந்த சுவருக்கு 'எங்க வீடு' என்பதைத் தவிர அவர்களிடம் வேறு பெயர் கிடையாது. இது எனக்கு இப்போது தெரியும். மலாயில் கூட நம்மைப் போலவே 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. 'ரூமா காமி' என்றால் அச்சு அசலாக 'எங்க வீடு'. இரண்டு மொழியிலும் இருந்த அந்தச் சொல்லுக்குப் படிவத்தில் மட்டும் கட்டம் இல்லை.

4

ஒன்றரை வருஷம் கழித்து ரோசம்மா அக்கா இரண்டு கடிதங்களோடு வந்தார். ஒரே வாரத்தில் வந்தவை. மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

முதலாவது, வீட்டுத் திட்டத்திலிருந்து. தங்களுக்கு ஏற்கெனவே சொந்த வீடு இருப்பதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. இரண்டாவது, கம்பெனியின் வழக்கறிஞரிடமிருந்து. தங்களுக்கு எந்த உரிமையும் இல்லாத வீட்டில் தாங்கள் குடியிருப்பதால் உடனே காலி செய்ய வேண்டும்.

இரண்டும் நல்ல தாள், நல்ல மலாய். இரண்டுக்கும் கீழே மரியாதையான கையெழுத்து.

"ரெண்டுல எது நெசம், தங்கச்சி?"

நான் முதல் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படிவத்தின் நகல் என் பைலில் இருந்தது, எடுத்துப் பார்க்கத் தேவையே இல்லை, அந்த டிக் என் கண்ணுக்குள் இருந்தது.

"நாந்தான் அன்னைக்கு எதையோ தப்பாச் சொல்லிட்டேன் போல" என்றார் அவர். "எனக்கு இந்த ஃபாரம் கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லத் தெரில."

இல்லை அக்கா, நீங்கள் சொன்னது சரி, எழுதியவள் நான். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. சரி செய்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சரி செய்த பிறகு சொல்வது பெருமை, அதற்கு முன்னால் சொல்வது அவமானம், எனக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. நான் எப்படிப்பட்டவள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

5

மறுநாளே அவரைக் கூட்டிக்கொண்டு ஈப்போவில் வீட்டுத் திட்ட அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த மலாய்ப் பெண் என்னைக் 'கக்' என்று கூப்பிட்டாள், அக்கா என்று அர்த்தம். எழுதுவதில் பிழை நடந்துவிட்டது என்றேன். யார் எழுதியது என்று அவளும் கேட்கவில்லை.

"போலே, கக்" என்றாள். முடியும். நிலம் யாருடையதோ அவர்கள் இந்த வீடு இவருடையது இல்லை என்று ஒரு கடிதம் தந்தால் போதும், விண்ணப்பத்தைத் திரும்பத் திறந்துவிடலாம்.

கம்பெனி அலுவலகத்துக்குப் போனோம். அங்கே ஒரு தமிழ்ப் பையன், இருபத்தைந்து வயது இருக்கும், எழுந்து நாற்காலி போட்டான்.

"குடுக்கலாம் அக்கா, பிரச்சின இல்ல. ஆனா வீட்டக் காலி பண்ணி சாவி குடுத்த பொறவுதான் அந்த லெட்டர் வெளிய போவும். மேல அப்பிடித்தான் சொல்லிருக்காங்க."

ரோசம்மா அக்கா என் முகத்தைப் பார்த்தார். "நீ சொல்லு தங்கச்சி. நீ படிச்சவ."

நான் சொன்னேன். கொடுத்துவிடுங்கள் அக்கா, எப்படியும் இடிக்கப் போகிறார்கள், கடிதம் கையில் வந்தால் வீடு வந்துவிடும் என்றேன். ஆயர் தாவார் என்கிற தூரத்து ஊரில் அவருடைய தங்கை மகள் இருக்கிறாள். கொஞ்ச நாள் அங்கே இருங்கள் என்றேன். சாமான்களை ஒரு சின்ன லாரியில் ஏற்றியபோது நானும் நின்றேன். மாதா படத்தை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். குசினியின் தகரத்தைக் கழற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார், கம்பெனி ஆள் வேண்டாம் என்றுவிட்டான்.

கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அதே கவுன்டர், அதே பெண். அவள் கணினியில் தட்டிப் பார்த்தாள். முகம் வாடியது, நடிப்பு இல்லை, நிஜமாகவே வாடியது.

இந்தக் கடிதத்தில் இப்போதைய முகவரி ஆயர் தாவார் என்று இருக்கிறதே, கக், என்றாள். முன்னுரிமை தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்கு. வெளியே போனவர்கள் பொது வரிசையில் புதிதாகப் போட வேண்டும்.

போன மூன்று தடவையும் யாரும் என்னிடம் கத்தவில்லை, யாரும் கைநீட்டிக் காசு கேட்கவில்லை. எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஊரில் என்றால் யாரையாவது திட்டிவிட்டு வந்திருப்பேன். அன்று திட்டுவதற்கு எனக்கு என்னைத் தவிர யாரும் இல்லை.

6

இவ்வளவையும் வயிற்றில் வைத்துக்கொண்டு மகளின் நான்கு அம்புகளை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு இருப்பது? அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அவளிடம் போனேன். பெயர் சொல்லாமல், ஒரு அம்மா, ஒரு தோட்டம் என்று கதையைச் சொன்னேன். டிக் யார் போட்டது என்பதைச் சொல்லவில்லை.

"அது இம்ப்ளிமென்டேஷன் ப்ராப்ளம் மா. டிசைன் ஓகே" என்றாள்.

"உன் அம்பெல்லாம் நடுவுல இருக்கிற வட்டத்துக்குப் போகுது. ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு ஒரு அம்பு கூட இல்லையே. காசு குடுக்கிறவன் வெளிய போன்னு சொல்றான். வீடு குடுக்கிறவன் உள்ளேயே இருன்னு சொல்றான். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லை. இதுல எது முதல்ல வரணும், எது பின்னால வரணும்னு யார் போடுவா?"

"அதுக்குத்தான் கோஆர்டினேஷன் கமிட்டின்னு ஒரு ஸ்லைட் போட்டிருக்கேன்."

ஒரே காரில் ஒருத்தர் பிரேக், ஒருத்தர் கிளட்ச், ஒருத்தர் ஸ்டியரிங் என்று பிடித்துக்கொண்டு மாதம் ஒருமுறை கூட்டம் போட்டால் வண்டி ஓடுமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். நல்ல உதாரணம், போட்டுக்கொள்ளட்டுமா என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது. கருவிகளைச் சேர்ப்பது என்றால் நான்கையும் ஒரு பக்கத்தில் எழுதுவது என்று நானும் ஒரு காலத்தில் பதினாறு மதிப்பெண்ணுக்கு நம்பியவள்தான். அவை ஒன்றாகச் சேர்கிற இடம் எந்த அலுவலகமும் இல்லை. ஒரு மனுஷியின் தலை. ஒருத்தி காலையில் பஸ் ஏறி, நான்கு அலுவலகத்தின் நிபந்தனைகளையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு அலைகிறாளே, அந்த ஒரு இடத்தில்தான் எல்லாம் சேர்கின்றன. அங்கே என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

"அந்த அம்மாவ நான் பார்க்கலாமா?" என்று கேட்டாள். "ஒரு இன்டர்வியூ மாதிரி."

அடுத்த சனிக்கிழமை ரோசம்மா அக்காவின் புது விண்ணப்பத்தைப் போட நான் ஆயர் தாவாருக்குப் போக வேண்டியிருந்தது. இப்போது படிவம் ஆன்லைன், எனக்கு அது சரிப்படாது. நீ வண்டி ஓட்டு, நீயே தட்டு என்று கூட்டிக்கொண்டு போனேன்.

7

வழி முழுக்கச் செம்பனை. தர்ஷினி காதில் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு ஓட்டினாள்.

தங்கை மகளின் வீடு சின்னது, இரண்டு அறை. ரோசம்மா அக்கா ஹாலில் படுக்கிறார். எங்களைப் பார்த்ததும் பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்தார். கிளினிக் வேலை போய்விட்டது, இங்கிருந்து தினமும் பத்து காஜாவுக்குப் போய்வர முடியாது. நான்கு மாதத்தில் முகம் ஒடுங்கியிருந்தது.

"இதுதான் ஓம் மவளா? பசியாறுனியா மா?"

தர்ஷினி மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு கேள்விகளை மலாயில் படித்தாள், நான் தமிழில் கேட்டேன், அவர் சொன்னார், அவள் தட்டினாள். பெயர், அட்டை எண், முன்பு செய்த வேலை. "பால் வெட்டுறதுன்னு போடு, மரம் வெட்டுறதுன்னு போட்டுடாத" என்று அவரே சொல்லிச் சிரித்தார். பிறகு அந்தக் கேள்வி வந்தது. வீட்டின் நிலை. அதே நான்கு கட்டங்கள்.

நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் சொன்னார்.

"மெனும்பாங்." அண்டி இருப்பது. மலாய்ச் சொல்லையே சொன்னார். என் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்தில் விடை சொன்ன பிள்ளை போலக் கேட்டார்: "இந்தவாட்டி சரியாச் சொல்லிட்டேன்ல?"

எனக்கு அதற்கு மேல் முடியவில்லை.

"போன தடவையும் நீங்க சரியாத்தான் சொன்னீங்க அக்கா. எங்க வீடுன்னு சொன்னீங்க. சொந்தம்னு டிக் போட்டது நான். தப்பு என்னோடது. சாவியக் குடுங்கன்னு சொன்னதும் நான்தான்."

தர்ஷினியின் விரல்கள் நின்றன. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

ரோசம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சும்மா இரு தங்கச்சி. எனக்காக இப்பிடிப் பொய்யெல்லாம் சொல்லாத. எழுதுனவங்களுக்குத் தெரியாமயா போவும்? நாந்தான் ஒளறிட்டேன்."

"இல்லக்கா, நெசமாத்தான்..."

"வுடு. ஒன்ன மாதிரி யாரு எங்களுக்கு வந்து எழுதித் தராங்க?" என்று சொல்லிவிட்டு என் மகளைப் பார்த்தார். "அடுத்தது என்னா கேக்குறாங்க மா?"

தர்ஷினி திரையைப் பார்த்தாள். "இந்த அட்ரஸ்ல எவ்ளோ வருஷமா இருக்கீங்கன்னு கேக்குது."

"அம்பத்தெட்டு" என்றார் அவர். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "இல்ல இல்ல. தப்பு, தப்பு. நாலு மாசம்."

"வருஷத்துலதான் போட முடியும் ஆன்ட்டி. மாசத்துக்கு இடம் இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். படித்தவளைப் பார்க்கிற அதே பார்வை.

"அப்ப என்னா போடுறது, தங்கச்சி?"

பூஜ்யம் என்றேன். தர்ஷினி பூஜ்யம் போட்டாள். கட்டம் பச்சையாகி, அடுத்த கேள்வி வந்தது.